பைனஸ் மலையில் ஒரு கள்ளப்பேர்

இதனால் எல்கடுவைத் தேயிலைத் தோட்டத்துக்கு மேலேயும் கீழேயும் குடியிருக்கும் சகலருக்கும், குடும்பத்தோடு கடல் கடந்து போய் இன்னும் ஒரு வரிகூட எழுதாத என் மகனுக்கும் மிகுந்த பணிவோடு அறிவிப்பது என்னவென்றால்: நம் வீட்டு நொண்டிக் கோழி, நீ விட்டுவிட்டுப் போன இடது கால் சப்பாத்துக்குள் முட்டையிட்டிருக்கிறது. வலது கால் சப்பாத்தை நம் லயத்து ஒற்றை அறைக் காம்பரா முழுவதும் தேடினேன், இல்லை. இந்திய மண்ணில் வலது காலை எடுத்து வைத்து இறங்கு என்று நான் சொன்னதை நீ இவ்வளவு கண்டிப்பாக எடுத்துக்கொள்வாய் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று. சப்பாத்தைத் தனியாக அனுப்பட்டுமா, முட்டையோடு அனுப்பட்டுமா, அல்லது குஞ்சு பொரிக்கிறவரை நீ ஒற்றைக் காலில் நிற்கிறாயா என்பதை உடனே எழுது. உடனே என்றால் உடனே.

எனக்குக் கவலை ஒன்றும் கிடையாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீயும் மருமகளும் பிள்ளைகள் இரண்டு பேரும் மாத்தளை ஸ்டேஷனில் கோச்சி ஏறிப் போன நாளிலிருந்து நான் வேளைக்குச் சாப்பிடுகிறேன், படுத்தால் தூங்குகிறேன், தேயிலை வெட்டுகிற கவ்வாத்து மலையில் இளவட்டங்களைவிட வேகமாகக் கத்தி வீசுகிறேன். வேலை விட்டு வரும்போது தபால்காரர் வருகிற நேரத்துக்குச் சரியாக ஸ்டோர் முச்சந்தியில் நான் நிற்பது தற்செயல். அவர் தலையாட்டி இல்லை என்று சொல்வதற்கு முன்பே வானத்தை அண்ணாந்து பார்த்து, மழை வருமா என்று யோசிக்கத் தொடங்கிவிடுவேன். நேற்று அந்த மனுஷன், "பெரியவரே, மழ வந்தா நானே வந்து சொல்றேன், நீங்க வீட்டுக்குப் போங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். எவ்வளவு வாய் பார்த்தாயா! எனக்கு வயது போய்க்கொண்டிருப்பதால் ஊரில் எல்லாருக்கும் வாய் வளர்ந்துகொண்டிருக்கிறது.

உன் விலாசம் எனக்குத் தெரியாது. கப்பலை விட்டு இறங்கி, அங்கே தங்கவைக்கிற முகாமைத் தாண்டியதும், உங்களுக்கு முன்னால் போன பக்கத்துக் காம்பரா ஆறுமுகத்தின் வீட்டுக்குத்தான் முதலில் போவோம் என்று சொன்னாயல்லவா, அதனால் நீலகிரிப் பக்கம் இருக்கும் அவன் விலாசத்துக்கே எழுதுகிறேன். தோட்டத்திலிருந்து ஒரு கடிதம் வந்தால் அங்கே போன நம் சனம் எல்லாம் கூடி உட்கார்ந்து கேட்கும் என்பதும் எனக்குத் தெரியும். கேட்கட்டும். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போன எல்லாத் தகப்பன்மாருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். என் பேத்தி ராணி பக்கத்தில் இருந்தால் மட்டும் கடைசிப் பகுதியைச் சத்தமாக வாசிக்காதே. ஏன் என்பது அங்கே வரும்போது தெரியும்.

எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று. ராணி சாப்பிடுகிறாளா? சின்னவனைப் பற்றிக் கேட்கவில்லை. மூன்று வயதிலேயே ரவி கப்பலின் நங்கூரத்தைக் கொடுத்தாலும் உப்புப் போட்டுத் தின்பான். எனக்கு இவளைப் பற்றித்தான். கீழ் லயத்திலிருந்து மேல் லயத்துக்கு நாம் குடி மாறியது ஞாபகம் இருக்கிறதா? இங்கிருந்து கூப்பிட்டால் அங்கே கேட்கிற தூரம். அதற்கே இரண்டு நாள் வாயில் ஒன்றும் வைக்காமல் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். அழுகிற பிள்ளையைத் தேற்றலாம். இவள் அழமாட்டாள், வாயை மூடிக்கொள்வாள். சோறும் உள்ளே போகாது, சொல்லும் வெளியே வராது. கோதுமை மாத் தட்டுப்பாட்டு வருஷத்தில் தவழ்ந்த பிள்ளை அது. அவித்த மரவள்ளியைக் கஞ்சியில் கரைத்து ஊட்டித்தான் எழுப்பினோம். இல்லாத காலத்தில் வாயைத் திறந்து திறந்து காட்டிய பிள்ளை, இருக்கிற காலத்தில் மூடிக்கொண்டு உட்கார்ந்தால் நான் தட்டைத் தூக்கிக்கொண்டு எதிரிலேயே உட்கார்ந்துவிடுவேன். முகாமில் புதுச் சோறு, புதுத் தண்ணீர், புது முகங்கள். பிரயாணக் களைப்பு என்று நீங்கள் விட்டுவிடுவீர்கள். அது களைப்பு இல்லை மகனே. அவள் தட்டைத் தள்ளி வைத்தால் அது பயம்.

பாஸ்போர்ட் கைக்கு வந்த அன்று சாயங்காலம் நீ பிள்ளைகளிடம் விஷயத்தைச் சொன்னாய். ரவி, "கப்பல்ல வட குடுப்பாங்களா?" என்று கேட்டான். ராணி கையிலிருந்த ரொட்டியை அப்படியே தட்டில் வைத்தாள். "நான் வரல. தாத்தாவோட இருக்கேன்." உனக்கு ஒன்றைச் சொல்லிவிடவேண்டும். அந்த நிமிஷம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பிரஜாவுரிமை கேட்டு நான் சிலோனுக்கு எழுதினேன், நீ இந்தியாவுக்கு எழுதினாய். உன் அம்மா போன பிறகு இந்தக் காம்பராவில் சத்தம் என்றால் அந்தப் பிள்ளைகளின் சத்தம்தான். அதில் பாதியாவது எனக்குத் தங்கும் போலிருக்கிறதே என்று ஒரு கிழட்டு ஆசை வந்தது. அடுத்த நிமிஷமே பயமும் வந்துவிட்டது. தாயையும் தகப்பனையும் கடலுக்கு அந்தப் பக்கம் அனுப்பிவிட்டு, ஐந்து வயதுப் பிள்ளை என்னோடு இருந்து என்ன செய்யும்? அவள் போகவேண்டும், பயப்படாமல் போகவேண்டும். நீ கடைசிக் காகிதங்களுக்காகக் கண்டிக்கும் தோட்டத்துக்குமாக அலைந்துகொண்டிருந்தாய், மருமகளுக்கு மூட்டை கட்டுகிற வேலை. அவளைத் தேற்றுவது என் பொறுப்பு என்று நானாகவே எடுத்துக்கொண்டேன்.

அதற்கு நான் கண்டுபிடித்த மருந்துதான் ஊசியிலைப் பைனஸ் மரம். மேல் லயத்துக்கு மேலே மானாப்புல் மலையில் அரசாங்கம் கன்று வைத்தபோது உனக்கு மீசை அரும்புகிற வயது. சாக்கு நிறையக் கன்று சுமந்தாய். அந்தக் காட்டில் பாதி மரம் உன் தோளில் ஏறிப் போனவை. தேயிலை பிடிக்காத, மரவள்ளிகூட முறைத்துக்கொண்டு செத்துப்போன மண் அது. எங்கேயோ ஒரு தேசத்திலிருந்து வந்த கன்று, பையோடு வந்து, பழக்கமில்லாத மண்ணில் நின்று, வெயில் காலத்தில் மலையெல்லாம் பழுத்துக் கருகினாலும் தான் மட்டும் பச்சையாக நிற்கிறது. இதைவிட ஒரு சாட்சி எனக்கு எங்கே கிடைக்கும்? இந்தப் பைனஸைப் பழகிக்கொண்டால் பிள்ளை எந்த ஊரையும் பழகிக்கொள்ளும் என்று கணக்குப் போட்டேன். பைனஸை நானே 'பையன்' என்றுதான் கூப்பிடுவேன், பெண்ணுக்கு ஒரு பையனைப் பார்த்துக் கொடுக்கிற தாத்தாவாக அந்த மலையில் ஏறினேன் என்று வைத்துக்கொள்.

ஆனால் பெண்ணுக்குப் பையனைப் பிடிக்கவில்லை. அந்த மரத்தில் காற்று ஏறினால் மழை வருகிற மாதிரியே உஸ்ஸென்று இரைச்சல் வரும், உனக்குத் தெரியும். மேல் லயத்துப் பொம்பளைகள் இன்றைக்கும் ஏமாந்து உலர்த்திய துணியை அள்ளிக்கொண்டு ஓடுகிறார்கள். ராணிக்கு அதுதான் பயம். தோட்டத்தையும் காட்டையும் பிரிக்கிற எல்லைக் கானுக்கு, அந்த வாய்க்காலுக்கு, இந்தப் பக்கமே நின்றுகொண்டாள். "அந்த மரம் பொய் சொல்லுது தாத்தா. மழ வருதுன்னு சொல்லுது, வரல" என்றாள். அதற்கு நான் என்ன செய்தேன்? என்னிடம் இருந்த ஒரே ஆயுதத்தை எடுத்தேன். மறுநாள் மருமகளிடம் பிள்ளைகளைக் கூட்டி வரச் சொல்லிவிட்டு, முன்னால் போய் முதல் வரிசை மரத்துக்குப் பின்னால் ஒளிந்து நின்று, அவர்கள் கிட்ட வந்ததும், "யாரு வூட்டுப் புள்ளைங்க அது? வா, வந்து என்னைத் தொடு!" என்று தடித்த குரலில் மரம் பேசுவது போலப் பேசினேன். ரவி கைகொட்டி, "இன்னொருக்கா!" என்றான். ராணி அப்படியே கல்லாக நின்றாள். அன்றைக்கு ராத்திரியும் சாப்பிடவில்லை, மறுநாள் காலையிலும் சாப்பிடவில்லை.

நீ கண்டியிலிருந்து வந்து கேள்விப்பட்டாய். நீ சத்தம் போட்டிருந்தால் நான் சமாளித்திருப்பேன். நீ மெதுவாகத்தான் பேசினாய். "அப்பா, சின்னதுல என்னைய மாத்தளத் தேருக்குக் கூட்டிட்டுப் போயி, கூட்டத்துல கைய விட்டுட்டு ஒளிஞ்சி நின்னு பாத்தீங்கல்ல? நான் அழவே இல்லேன்னு ஊரெல்லாம் சொல்லிச் சிரிச்சீங்களே. ஏன் அழலன்னு தெரியுமா? அழுதா நீங்க நெசமாவே போயிட்டீங்கன்னு ஆயிரும்னு நெனச்சேன்." தேத்தண்ணீர் ஆறிப்போய்விட்டது என்று மட்டும் சொன்னேன். அந்தக் கதையை நான் எத்தனை கலியாண வீட்டில் சொல்லிச் சிரித்திருப்பேன், என் மகன் சிங்கக்குட்டி, அழவே மாட்டான் என்று! நீ ஒவ்வொரு தடவையும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதானே இருந்தாய். ஒரு தடவையாவது என் தொடையில் கிள்ளியிருக்கக் கூடாதா?

அதற்குப் பிறகு விளையாட்டுக் காட்டுவதை விட்டேன். விட்டேன் என்றால் முழுக்க விடவில்லை, அவள் விளையாட்டுக்குள் நான் போனேன். லயத்துப் பிள்ளைகள் முற்றத்தில் என்ன விளையாடும்? பெரட்டுத்தான். விடிந்தால் பெற்றவர்கள் பெரட்டுக்களத்தில் வரிசையில் நிற்பதையும், கங்காணி பேர் கூப்பிடுவதையும், "இருக்கேங்க" என்று பதில் சொல்வதையும் பார்த்து வளர்ந்ததுகள். நான் கானுக்கு இந்தப் பக்கமே, அவள் நிற்கிற இடத்திலேயே நின்றுகொண்டு, வெறும் உள்ளங்கையைப் பேர் எழுதுகிற செக்ரோல் புத்தகம் மாதிரி விரித்து, மரங்களுக்குப் பெரட்டுப் போட்டேன். "நெட்டையன்!" என்றேன். "இருக்கேங்க!" என்று ரவி கத்தினான். "ஊசிக்காதன்!" அதற்கும் ரவிதான். உள்ளே நாலைந்து வரிசை தள்ளி, எப்போதோ காற்றில் சாய்ந்து தலை கோணிப்போன ஒரு மரம் தெரிந்தது. "கோணமண்டையன்!" ரவி அந்த நேரம் பார்த்து ஒரு எறும்பைப் பிடிக்கப் போய்விட்டான். பதில் இல்லை. நானும் கங்காணி முறைப்பாக, "கோணமண்டையன் வரலயா? சரி, அரப்பேரு!" என்று உள்ளங்கையில் விரலால் கீறினேன்.

"அது வந்திருக்கு தாத்தா!" என்றாள் ராணி. "அங்கதானே நிக்கிது!"

"நின்னா போதுமா? பேரு கூப்புட்டா பதில் சொல்லணும்."

"அதுக்கு வாயி இல்ல."

"வாயில்லாத ஆளுக்கு நான் எப்புடிம்மா பேரு போடுறது? தொர என்னையில்ல ஏசுவாரு?"

அவள் என்னைப் பார்த்தாள், மரத்தைப் பார்த்தாள். நாள் முழுக்க வேலை செய்தவனுக்கு அரைநாள் கணக்கு மட்டும் எழுதுவதுதான் அரைப்பேர். அது எப்படிப்பட்ட அநியாயம் என்று நம் பிள்ளைகளுக்குப் பாலோடு சேர்ந்து தெரியும். உன் பெண்டாட்டி அரைப்பேர் வாங்கி வந்த நாளெல்லாம் அடுப்படியில் என்ன பேச்சு நடந்தது என்று அவள் கேட்டவள்தானே. கானின் விளிம்புவரை ஒரு அடி முன்னால் வந்தாள். பிறகு மரத்துக்குக் கேட்குமோ கேட்காதோ என்கிற அளவு குரலில், "இருக்கேங்க" என்றாள். எவ்வளவு பெரிய வார்த்தை! முழுப்பேர் போட்டேன் என்று சொல்ல வேண்டுமா? அன்றைக்கு மதியம் அவள் இரண்டு கை சோறு கூடுதலாக வாங்கினாள் என்று மருமகள் சொன்னது உனக்கும் ஞாபகம் இருக்கும்.

அதற்கப்புறம் ஒவ்வொரு காலையும் அவளே என்னை இழுத்துக்கொண்டு போனாள். கோணமண்டையனுக்கு நேரம் தவறிவிடக் கூடாதாம். முதலில் கானைத் தாண்டினாள், பிறகு முதல் வரிசை, பிறகு கோணமண்டையனின் அடி. நான் சிங்கம் மாதிரி முன்னால் நடந்தேன், இரண்டு பக்கமும் இரண்டு குட்டிகள். மரத்துப் பாலைத் தொட்டுவிட்டு விரல் ஒட்டிக்கொண்டது என்று சிரித்தாள். ஒரு காம்பில் மூன்று ஊசி இருக்கும் அல்லவா, அது அவளும் ரவியும் நானுமாம். விழுந்து கிடந்த காயை ரவி கடித்துப் பார்த்துவிட்டு, வேகவில்லை என்று சொன்னான். "இத யாரு தாத்தா கவ்வாத்து வெட்டுறது?" என்று ஒருநாள் அவள் கேட்டாள். யாரும் வெட்டுவதில்லை என்றேன். "அப்ப இது வளந்துக்கிட்டே இருக்குமா? யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்களா?" இதுவரை என்னிடம் யாரும் கேட்காத கேள்வி அது. தேயிலையும் மரம்தான் மகனே. வெட்டி வெட்டி அதை இடுப்பளவு பிள்ளையாகவே வைத்திருக்கிற வேலையைத்தான் நான் வாழ்நாள் முழுக்கச் செய்கிறேன். "யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க" என்று அவளுக்குச் சொன்னேன். சொல்லும்போது உங்கள் நாலு பேரையும்தான் நினைத்துக்கொண்டேன். நீ ஏன் போகிறாய் என்று அதுவரை எனக்குக் கோபம் இருந்தது, அதை நான் காட்டிக்கொள்ளாவிட்டாலும். அன்றைக்குக் கொஞ்சம் தணிந்தது.

காட்டைக் காவல் காக்கிற வாச்சர் பண்டா ஒருநாள் எங்களைப் பிடித்துவிட்டான். "என்னா கங்காணி, அரசாங்க மரத்துக்கு ஒன் தோட்டத்துப் பேரு போடுறதா? எங்க பெரிய ஐயாகிட்ட கேட்டதா?" என்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றான். நான் வாயைத் திறப்பதற்குள் ராணி, "நீங்களும் வரிசையில நில்லுங்க, இல்லாட்டி அரப்பேரு" என்றாள். புது ஆளைக் கண்டால் வாயைப் பூட்டிக்கொள்கிற அந்த ராணி! பண்டா தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நெட்டையனுக்குப் பக்கத்தில் போய் நின்றான். "பண்டா!" என்று நான் கூப்பிட்டதும் "இன்னவா!" என்றான், இருக்கிறேன் என்று அவன் சிங்களப் பாஷையில். அன்றைக்கு மலை இறங்கும்போது எனக்குத் தலை கால் தெரியவில்லை. பார்க்கிறவர்களிடமெல்லாம், பிள்ளையின் பயத்தை வேரோடு பிடுங்கிவிட்டேன், யாருக்காவது பயந்த பிள்ளை இருந்தால் கூட்டி வாருங்கள் என்று அளந்தேன்.

எந்த வேரைப் பிடுங்கினேனோ தெரியாது, வேறொன்றை நன்றாக ஊன்றிவிட்டேன். கிளம்புகிற நாள் நெருங்கியதும் ராணி மறுபடி தட்டைத் தள்ளி வைத்தாள். இந்தத் தடவை கப்பலுக்குப் பயம் இல்லை. "நான் போனா கோணமண்டையனுக்கு யாரு பதில் சொல்றது? அவனுக்கு டெய்லி அரப்பேருதான்." நானே வெட்டிய குழியில் நானே நின்றேன். அப்போதுதான் கள்ளப்பேர் ஞாபகம் வந்தது. வேலைக்கு வராதவன் வந்ததாகச் செக்ரோலில் பேர் போடுவது கங்காணிமார் செய்கிற திருட்டு, அதைக் கேட்டால் நீ முகத்தைச் சுளிப்பாய். அவளும் சுளித்தாள். "கள்ளப்பேரு தப்புன்னு அப்பா சொன்னாரே." நான், "வெளியாளுக்குப் போட்டாத்தான் தப்பு, பேத்திக்குப் போட்டா தப்பில்ல. ஒம்பேருக்கு நான் போயி நின்னு பதில் சொல்றேன்" என்றேன். யோசித்தாள். "அங்க நான் யாருக்குப் பதில் சொல்றது?" அதற்கும் என் வாய் முந்திக்கொண்டது. ஆறுமுகம் மாமா எழுதியிருக்கிறார், அவர்கள் இருக்கிற குளிர் மலையிலும் இதே பைனஸ் வரிசை வரிசையாக நிற்கிறது, அதில் ஒன்றுக்கு மண்டை கோணல், அது உனக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது என்றேன். அவள் தட்டை இழுத்து வைத்துக்கொண்டு ஒரு முழு ரொட்டி சாப்பிட்டாள். மாத்தளை ஸ்டேஷனில் சனம் முழுக்கக் கோச்சிப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு கதறியபோது அவள் மட்டும் ஜன்னல் வழியாக, "தாத்தா, நாளைக்குக் காலைல போவீங்கதானே?" என்று கேட்டாள். போவேன் என்றேன். சொன்ன சொல் தவறாதவன் உன் அப்பா. நீங்கள் போன மறுநாளிலிருந்து ஒரு காலைகூட விடாமல் போய்க்கொண்டிருக்கிறேன் என்று அவளிடம் சொல்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஆறுமுகம், இதை நீயே வாசித்துக்கொண்டிருந்தால் கோபித்துக்கொள்ளாதே. நீ மரத்தைப் பற்றி ஒரு எழுத்தும் எழுதவில்லை. கூப்பன் அரிசியைப் பற்றியும், விறகு நனைந்து அடுப்பு எரியவில்லை என்றும்தான் எழுதியிருந்தாய். மிச்சம் எல்லாம் என் கைச்சரக்கு. அந்த மலையில் பைனஸ் இருக்கிறதா இல்லையா என்று எனக்குத் தெரியாது. மகனே, எனக்கு இதுதான் பெரும் பாரமாக இருக்கிறது. கோச்சி புகையை விட்டுக்கொண்டு திரும்புகிற வளைவில் நான் நினைத்தது இதைத்தான்: மரம் பொய் சொல்கிறது என்று சொன்ன பிள்ளையிடம் நான் போய் ஒரு பொய்யைச் சொல்லி அனுப்பியிருக்கிறேனே. அவள் அங்கே வந்து இறங்கி, எங்கே கோணமண்டையன் என்று கேட்டு, யாரும் காட்டாவிட்டால்? அவள் அழமாட்டாள். அழாத பிள்ளை என்ன நினைத்துக்கொண்டிருக்கும் என்று நீதான் எனக்குச் சொன்னாயே.

ஆகவே நீ செய்ய வேண்டியது இது. ஒற்றைச் சப்பாத்தோடாவது சரி, அந்த மலையில் ஏறித் தேடு. பைனஸ் கிடைத்தால் நம் அதிர்ஷ்டம். கிடைக்காவிட்டால் சவுக்கோ வேறெதுவோ ஒரு மரத்தைப் பார். ஆனால் இதுதான் பைனஸ் என்று மட்டும் சொல்லிவிடாதே. தாத்தாவுக்குத் தெரியாது, தெரிந்த மாதிரி சொல்லிவிட்டார் என்று உள்ளதைச் சொல், என் மானத்தைப் பற்றிக் கவலைப்படாதே, அது ஏற்கனவே கவ்வாத்து வெட்டினதுதான். மரத்துக்குப் பக்கத்தில் அவளைத் தள்ளாதே. அவள் எங்கே நிற்கிறாளோ அங்கேயே நீயும் நில். பயப்படாதே என்று சொல்லாதே. அந்த வார்த்தையைக் கேட்டுப் பயம் போன ஆளை நான் பார்த்ததில்லை. எந்த மரத்துக்கு அநியாயம் நடக்கிறதோ அதை அவளே கண்டுபிடிப்பாள். பேர் அவள்தான் வைக்க வேண்டும். இன்னொன்று, இது உனக்கு. புதுத் தோட்டத்தில் புதுக் கங்காணி உன் பேரைப் பிழையாகக் கூப்பிடுவான், சிலோன்காரன் என்று சிரிப்பான். சத்தமாகப் பதில் சொல். பைனஸ் மாதிரி கெட்ட மண்ணிலும் நின்றுகொள், ஆனால் எல்லாவற்றிலும் அதைப் பார்த்துப் பழகாதே. தன் அடியில் ஒரு புல்லைக்கூட வளரவிடாத மரம் அது. பக்கத்துக் காம்பராக்காரன் முளைக்கக் கொஞ்சம் வெயிலை விட்டு நில்.

இனிமேல் எழுதுவதைச் சத்தமாக வாசிக்காதே. ராணியை வெளியே விளையாட அனுப்பு.

தினமும் பைனஸ் மலைக்குப் போய்க்கொண்டிருக்கிறேன் என்று மேலே அளந்தேன் அல்லவா? போகிறேன், அது பொய் இல்லை. எல்லைக் கான் வரைக்கும் போகிறேன். நீங்கள் போன மறுநாள் காலை கானுக்கு இந்தப் பக்கம் நின்று உள்ளங்கையை விரித்தேன். கோணமண்டையனின் அடிவரைக்கும் போய்த்தான் பதில் சொல்ல வேண்டும், அவளுக்கு நான் அப்படித்தான் வாக்குக் கொடுத்தேன். காற்று ஏறியது, உஸ்ஸென்று அந்த இரைச்சல் வந்தது. இடுப்புக்கு மேலே வளராத மரங்களைக் குனிந்து பார்த்தே காலத்தை ஓட்டியவன் நான். வானம் தெரியாத அந்த இருட்டுக்குள், காலடிச் சத்தம்கூடக் கேட்காத அந்தத் தரையில், என் கால் இறங்க மறுத்துவிட்டது. திரும்பி வந்துவிட்டேன். கொஞ்சம் வேகமாகவே வந்தேன். மறுநாளும் அப்படித்தான், இன்று காலையும் அப்படித்தான். சிங்கம் மாதிரி முன்னால் நடந்தேன் என்று எழுதினேனே, அந்தச் சிங்கத்தின் கையை ஒரு பக்கம் ராணி பிடித்திருந்தாள். "தாத்தா, ஒங்க கை ஏன் இப்புடி நனைஞ்சிருக்கு?" என்று ஒருநாள் கேட்டாள். வெயில் என்றேன். அந்தக் காட்டுக்குள் ஏது வெயில்? அவள் இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். யார் யாரை அந்த மரத்திடம் கூட்டிப் போனது என்று இப்போது உனக்கு விளங்கியிருக்கும்.

நாளைக் காலையில் உள்ளே போவேன். இந்தக் கடிதம் கடல் தாண்டி வர நாளெடுக்கும், அதற்குள் எப்படியும் போயிருப்பேன். அதனால் நீ அவளிடம் தைரியமாகச் சொல்லலாம். 'தாத்தா போயிட்டார்' என்று மட்டும் சொல்லி வைக்காதே, அங்கே சனமே கூடி ஒப்பாரி வைத்துவிடும். 'தாத்தா உள்ளே போய்ப் பதில் சொன்னார்' என்று சொல். நம்பமாட்டாள். "யாரு கையப் புடிச்சிக்கிட்டுப் போனாரு?" என்றுதான் கேட்பாள். அவள் எதைச் சாப்பிட்டுக்கொண்டே அதைக் கேட்டாள் என்று எனக்கு எழுது.

இப்படிக்கு,
இன்றைய தேதிவரை கானுக்கு இந்தப் பக்கமே நிற்கும்,
அப்பா